பார்த்து வரைதலும் பாடமே

பிறர் தீட்டிய உருவப்படத்தைப் பார்த்து வரைவது இழுக்கு என்று எண்ணும் மாணவர் சிலர் உளர். களவு வேறு, பயிற்சி வேறு என்பதை அவர்கள் உணர்தல் வேண்டும்.

1848-இல் கிளிமானூரில் பிறந்த இரவிவர்மா, சிறுவனாகத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கே எண்ணெய் வண்ணக் கலையில் வல்லவராயிருந்த மதுரை இராமசாமி நாயக்கர் அதனைக் கற்பிக்க மறுத்தார். 1868-இல் வந்த தியோடர் ஜென்சன், தாம் தீட்டுவதைக் காண மட்டுமே இசைந்தார். இளைஞர் கண்ணையே ஆசிரியராகக் கொண்டார். அரண்மனையிலிருந்த ஐரோப்பிய ஓவியத் தொகுப்புகளையும் ஊன்றி நோக்கினார். 1873-இல் சென்னைக் கண்காட்சியில் ஆளுநரின் தங்கப் பதக்கம் அவரை அடைந்தது. மனிதர் மறைத்ததை ஓவியங்கள் மறைக்கவில்லை!

பார்த்து வரைதல் தொடக்கநிலையினர்க்கு மட்டும் உரியதன்று. பேரோவியர் ரூபென்ஸ், ஐம்பது வயதைக் கடந்த பின்னரும், 1628-29-இல் மாட்ரிடில் டிஷியனின் ஓவியங்களைப் பார்த்துத் தீட்டினார்.

இனி, முறையைக் காண்போம். ஓவியத்தின் அச்சுப்படியிலும் நம் துணியிலும் ஒரே எண்ணிக்கையில் கட்டங்கள் இட்டு, முகத்தின் அளவுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர், டர்ப்பன்டைனில் கரைத்த பழுப்பு வண்ணம் ஒன்றைக்கொண்டே ஒளியையும் நிழலையும் அமைக்க வேண்டும். அது காய்ந்தபின் வெள்ளை, மஞ்சட்காவி, செங்காவி ஆகியவற்றால் தோலின் நிறத்தை ஏற்றலாம். நிழல் மெல்லியதாகவும் ஒளி தடித்தும் இருத்தல் மரபு. அடிப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேற்பூச்சில் மிகுதியாகவும் இருக்க வேண்டும். மாறினால், மேற்பரப்பு முந்திக் காய்ந்து வெடித்துவிடும். படத்தைக் கண்ணாடியில் நோக்கினால் பிழைகள் தாமே புலப்படும்.

ஒவ்வொரு தீற்றலிலும் 'ஏன்?' என்று வினவுக. கன்னத்தின் விளிம்பு நிழலிற் கரைவது ஏன்? மூக்கின் நுனியில் மட்டும் ஒளி கூர்மையாவது ஏன்? வினவாத கை வெறும் படியெடுக்கும். வினவும் கை கற்கும். முடித்த படத்தில் மூல ஓவியரின் பெயரையும், பார்த்து வரைந்தது என்பதையும் குறித்தலே நேர்மை.

செம்பரம்பாக்கத்து மாணவர்க்கு எழும்பூர் அருங்காட்சியகம் எட்டாத தொலைவன்று. இரவிவர்மாவின் மூல ஓவியங்கள் அதன் தொகுப்பில் உள்ளன. ஆயினும் பயிற்சி அங்கே முடிவதில்லை. எதை விடுவது, எதைக் கொள்வது என்பதைப் பழைய ஓவியர் நமக்காக முன்பே முடிவு செய்துவிட்டார். உயிருள்ள முகத்தின் முன் அம்முடிவு நம்முடையது. ஆகவே, படி ஒன்றை முடித்ததும், ஏரிக்கரையில் வலை உலர்த்தும் முதியவரையோ வீட்டுத் திண்ணையிலுள்ள பாட்டியையோ எதிரில் அமர்த்தி வரைந்து பாருங்கள். கற்றது எவ்வளவு என்பதை அந்த முகம் சொல்லும்.