தண்டிக்கும் கடமை

நூம்பலிலிருந்து தெற்கே சில கல் தொலைவு சென்றால் குன்றத்தூர் வரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் அது. 12-ஆம் நூற்றாண்டில் சோழ மன்னனிடம் அவர் அமைச்சராக இருந்தார் என்பது மரபு. கதை எழுத விரும்பும் மாணவர்கள் அவரிடம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம் ஒன்று உண்டு. அதனையே இன்று கூற விரும்புகிறேன்.

கதைக்கு உயிர் போராட்டம். நல்லவனுக்கும் தீயவனுக்கும் நிகழும் போராட்டம் எளியது. யார் வெல்லவேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. அன்புக்குரியவனையே தண்டிக்கக் கடமைப்பட்டவன் நெஞ்சில் எழும் போராட்டமோ அரியது. அங்கே கடமையும் நல்லது, அன்பும் நல்லது. எது தோற்றாலும் நம் உள்ளம் நோகும்.

மனுநீதிச் சோழன் கதையை அறியாதார் யார்? சிலப்பதிகாரத்தில் கண்ணகி அதனைச் சுருங்கச் சுட்டுகிறாள். இலங்கையின் மகாவம்சம் எல்லாள மன்னனைப் பற்றி இதே நிகழ்ச்சியைக் கூறுகிறது. பசு மணியை அசைக்கிறது, மன்னன் அதே தேர்ச் சக்கரத்தால் மகனின் தலையைத் துணிப்பிக்கிறான், கதை முடிகிறது. மன்னன் கலங்கினானா, எவரேனும் தடுத்தனரா என்ற பேச்சே இல்லை. அது நீதிக்குச் சான்று. ஆனால் அங்கே போராட்டம் இல்லை.

சேக்கிழார் என்ன செய்தார்? முதலாவதாக, இளவரசனைத் தீயவனாக்கவில்லை. கன்று தானே துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டது. அது கண்டு துடித்த அவன், தந்தை அறியுமுன்பே கழுவாய் தேடி அந்தணரிடம் புறப்பட்டான். வெறுக்கத்தக்கவனைத் தண்டிப்பதில் என்ன துயரம் இருக்கிறது?

இரண்டாவதாக, தப்பும் வழி ஒன்றைத் திறந்து வைத்தார். நூல்கள் விதித்த கழுவாயே போதும் என்கின்றனர் அமைச்சர்கள். பிறன் ஒருவன் உயிர்க்கொலை செய்தால் அவனைக் கொல்லும் நான், என் மகனுக்கு மட்டும் வேறு நீதி வழங்குவதா என்று மன்னன் மறுக்கிறான். வேறு வழியே இல்லாதிருந்தால் அவன் செயலில் பெருமை ஏது?

மூன்றாவதே மிக நுட்பமானது. மகன்மேல் தேரைச் செலுத்துமாறு மன்னன் ஓர் அமைச்சனை ஏவுகிறான். அவனால் ஆணையை மீறவும் இயலவில்லை. இளவரசனைக் கொல்லவும் மனம் வரவில்லை. தன் உயிரையே விட்டுவிடுகிறான். பின்னரே மன்னன் தானே தேரைச் செலுத்துகிறான். தண்டனை விதிப்பது வேறு, அதனைத் தன் கையால் நிறைவேற்றுவது வேறு அன்றோ? அச்சுமையைப் பிறர் தோளில் ஏற்றியதால் குற்றமற்ற ஓர் உயிர் முன்னதாகவே போயிற்று. ஆணைக்குக் கீழ் நிற்பவனின் வேதனையை, அமைச்சராக இருந்த புலவர் நன்கு உணர்ந்திருந்தார் போலும்!

இறுதியில் இறையருளால் கன்றும் இளவரசனும் அமைச்சனும் உயிர்பெற்று எழுகின்றனர். இக்காலக் கதாசிரியருக்கு அந்த வழி இல்லை. 1974-இல் வெளிவந்த ‘தங்கப்பதக்கம்’ திரைப்படத்தில், காவல்துறை அதிகாரியாகச் சிவாஜி கணேசன் ஏற்ற தந்தை தன் மகனைச் சுட நேர்கிறது. அவனை எழுப்பித் தர எவரும் வரவில்லை.

மாணவ நண்பர்களே! தண்டிப்பவன் தயங்குவதைக் கோழைத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். கோவலனைத் தண்டித்த பாண்டியன், ஆணையிட்ட அந்த வேளையில் சற்றும் தயங்கவில்லை, ஆராயவுமில்லை. கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த பிறகே அவன் நெஞ்சு நடுங்கியது. அதற்குள் ஓர் உயிர் போய்விட்டது. தண்டிப்பவன் உள்ளத்தில் நிகழும் போராட்டம் கதைக்குச் சுவை தருவதோடு நிற்பதன்று. தண்டனை பெறுபவனுக்கு அது ஒரு காவலும் ஆகும். இதனை உணர்ந்து எழுதுவோர் கதையில் நீதியும் வாழும், மனிதனும் வாழ்வான்.