கூண்டில்லாத பறவைகள்

தில்லி விலங்குக் காட்சிசாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை நடத்துவது என் பணி. "பசங்களுக்குப் புலி காட்டற வேலைதானே சார்?" என்று நம் சங்க நண்பர்கள் கேட்பதுண்டு. புலியைக் காட்ட நான் எதற்கு? பொறுமையாகப் பார்க்கப் பழக்குவதுதான் என் வேலை.

1959-ல் திறக்கப்பட்ட இப்பூங்காவின் குளங்களுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் சங்குவளை நாரைகள் வரும். யாரும் பிடித்து வைத்தவை அல்ல. தீவு மரங்களில் கூடு கட்டி, குஞ்சுகள் வளர்ந்ததும் பறந்துவிடும். நம் நெல்லைச் சீமைக் கூந்தன்குளத்தில் கூடு கட்டுவதும் இதே இனம்தான்.

பிள்ளைகளை அந்தக் கரையில் பதினைந்து நிமிடம் பேசாமல் உட்காரவைப்பேன். பிறகு கேள்விகள் தாமாக வரும். "தாய்ப்பறவை ஏன் சிறகை விரிச்சுக்கிட்டே நிக்குது?" வெயில் படாமல் குஞ்சுக்கு நிழல் தருகிறது!

ஒருநாள் ஒரு தந்தை, குரங்குக்குப் போடும்படி மகனிடம் பிஸ்கட்டை நீட்டினார். விலங்குகளுக்கு அளவறிந்துதான் தீனி தருகிறார்கள். நாம் போடுவது வயிற்றைக் கெடுக்கும். 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவும் அதைத் தடுக்கிறது. நான் வாய் திறக்குமுன்பே பையன் சொன்னான்: "வேணாம்ப்பா, அதுக்கு வயிறு வலிக்கும்." போன மாதம் என்னோடு குளக்கரையில் உட்கார்ந்திருந்தவன் அவன். தந்தை பாக்கெட்டை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பெரியவர்களுக்கு நான் சொன்னால் அறிவுரை. பிள்ளை சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த முறை வரும்போது, புலியைத் தேடி ஓடுமுன், குழந்தைகளோடு குளக்கரையில் சற்று உட்காருங்கள்.