பிரேக்கை விட்டும் பஸ் நகராதது ஏன்? புற்றுநோய் சிகிச்சையில் ஒரு புதிர்

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலைக்குப் போய்வரும் பஸ்ஸுக்கு இன்ஜின் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் பிரேக். நம் நோய் எதிர்ப்பு சக்திக்கும் இது பொருந்தும். கிருமிகளைத் தாக்கும் 'டி செல்'கள் நம் உடலையே தாக்கிவிடாமல் இருக்க, அவற்றில் பிரேக் போன்ற புரதங்கள் உள்ளன. அவற்றில் ஒன்று 'பி.டி-1'. பல புற்றுநோய் செல்கள் இந்த பிரேக்கை மிதித்துத்தான் தப்பிக்கின்றன.

மிதித்த காலை எடுக்கும் மருந்து

இந்த பிரேக்குகளை விடுவித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டியதற்காக, அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் ஆகியவை இந்த வகை மருந்துகள். இவற்றால் சிலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருக்கிறது. பலருக்கோ பலனே இல்லை. ஏன்?

இறுகிப்போன பிரேக்

ஒரு காரணம், 'எபிஜெனடிக்ஸ்'. எந்த மரபணு இயங்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில், டி.என்.ஏ மீது ஒட்டும் 'மீதைல்' போன்ற வேதிக்குறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னும் களமிறங்காத டி செல்லில், பி.டி-1 மரபணு மீது இந்தக் குறிகள் பூட்டுபோல இருக்கும். நீண்ட நாள் போராடிக் களைத்த செல்லில் அந்தப் பூட்டு திறந்தே கிடக்கும், பி.டி-1 உருவாகிக்கொண்டே இருக்கும்.

நாள்பட்ட வைரஸ் தொற்றுள்ள எலிகளிடம் நடந்த ஆய்வுகள் 2016-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. மருந்து கொடுத்ததும் களைத்த செல்கள் சுறுசுறுப்பாயின. ஆனால், அவற்றின் எபிஜெனடிக் அமைப்பு பெரிதாக மாறவில்லை. மிதித்த காலை எடுத்தும், இறுகிய பிரேக் முழுதாக விடுபடாத நிலை!

ரத்தப் புற்றுநோய்களில் ஏற்கெனவே பயன்படும் அசாசிடிடின், டெசிடபின் ஆகியவை மீதைல் குறிகளைக் குறைப்பவை. இவற்றை இம்யூனோதெரபியுடன் சேர்த்துக் கொடுத்துப் பல நாடுகளில் சோதிக்கிறார்கள். இவையே பி.டி-1 உற்பத்தியைக் கூட்டிவிடவும் வாய்ப்பு உண்டு என்பதால், இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதற்கு அவசியம் இருக்கிறது.

செலவுக்கு என்ன வழி?

நிவோலுமாப் முழு அளவில் ஒரு தவணைக்கே லட்ச ரூபாயைத் தாண்டக்கூடியது. மலைக் கிராமத்துக் கூலிக் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. இங்குதான் மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் ஆய்வு நம்பிக்கை தருகிறது. தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றிய 151 பேரிடம் அது நடந்தது. குறைந்த செலவிலான மாத்திரைகளோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை வெறும் 20 மில்லிகிராம் நிவோலுமாப் பெற்றவர்களில், ஓராண்டைக் கடந்தவர்கள் 43.4 சதவிகிதம். மாத்திரைகள் மட்டும் பெற்றவர்களில் 16.3 சதவிகிதம். முழு அளவோடு ஒப்பிட்ட ஆய்வு அல்ல இது. ஆனாலும், முழு அளவுக்கு வசதியில்லாதவர்களுக்கு இது ஒரு வாசல்.

எந்த மருந்தானாலும், நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பதற்கு ஈடாகாது. புகையிலை, பாக்கு போடும் பழக்கத்தை விடுங்கள். வாய்ப்புண் மூன்று வாரமாகியும் ஆறாவிட்டால், கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள்.