காற்றின் வேகம் மட்டும் போதாது

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “புயலில் கடல் எவ்வளவு தூரம் ஊருக்குள் வரும் என்பதைக் கணினி எப்படிச் சொல்கிறது?” கரையோரத்தில் இருப்பவர்களின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்து, பயணிகளோடு ரயிலை வாரிக்கொண்டு போனது புயல் தள்ளிவந்த கடல்நீர்.

காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். அது சிறு பங்கே. பெரும் பங்கு காற்றினுடையது. ஆழ்கடலில் காற்று மேற்பரப்பில் தள்ளும் நீர் அடிவழியே திரும்பிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் அதற்கு வழியில்லை, கரையில் ஏறும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக்காற்று அடிக்கும்போது எங்கள் ஊர்க் குட்டையின் தண்ணீர் கிழக்குக் கரையில் ஒதுங்குவதும் இப்படித்தான். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் பதினைந்து மீட்டருக்குள்தான்.

என்னை வியக்க வைப்பது காற்று திசை மாறும் விதம். நம் பக்கத்துப் புயல்கள் இடஞ்சுழியாகச் சுழல்பவை. புயலின் கண் விரிகுடாவுக்குச் சற்று வடக்கே, மேற்கு நோக்கிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வடக்கிலிருந்து அடிக்கும் காற்றில், விரிகுடாவின் வடகரையிலுள்ள அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் பக்கம் கடல் உள்வாங்கும். கண் கடந்ததும் காற்று தெற்கிலிருந்து அடிக்கும். போன தண்ணீர் கரையேறி வரும். “புயல் கடந்துவிட்டது” என்று வீடு திரும்புகிறவர்களுக்கு அதுதான் ஆபத்தான நேரம்.

இதைக் கணக்கிட டெல்லி ஐஐடி உருவாக்கிய கணினி மாதிரியை வானிலைத் துறை பயன்படுத்தி வருகிறது. ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம் தன் கணினி மாதிரியில் கடலை முக்கோணங்களாகப் பிரிக்கிறது. நடுக்கடலில் பெரியவை, கரையருகே பொடிப்பொடியானவை. ஒவ்வொன்றிலும் ஆழம், காற்று, அழுத்தம், ஓதம் ஆகியவற்றைக் கொடுத்தால் நீர்மட்டம் எப்படி ஏறி இறங்கும் என்பது கிடைக்கும்.

முக்கோணங்களை எவ்வளவு சிறிதாக்கினாலும், அவற்றுக்குக் கொடுக்கும் ஆழக் கணக்கு பழையதென்றால் விடையும் தவறும். பெரிய அளவைக் கப்பல்கள் கரையோரச் சேற்றுக்குள் வர முடியாது. முகத்துவாரங்கள் தூர்கின்றன, அலையாத்திக் காடு இருந்த இடங்களில் இறால் பண்ணைகள் வந்திருக்கின்றன. 2018 நவம்பர் 16 அன்று கரை கடந்த கஜா, வேதாரண்யம் கடற்கரையில் கடல் சேற்றைக் கொண்டுவந்து குவித்தது. ஒரே இரவில் கடலடி அவ்வளவு மாறும்போது, ஒருமுறை அளந்துவிட்டு அதையே நம்பியிருப்பது எப்படிச் சரியாகும்? எங்கே சேறு, எங்கே பார் (கடலடிப் பாறைத்திட்டு) என்று அன்றாடம் அறிந்தவர்கள் மீனவர்கள். அவர்களை அழைத்து, அவர்கள் படகுகளிலேயே ஆழம் அளக்கலாம். இதைச் செய்யாமல் கணினியை மட்டும் பெரிதாக்குவது வீண் செலவு.

அடுத்த புயல் செய்தியில் காற்றின் வேகத்தோடு நின்றுவிடாதீர்கள். எந்த ஊரில், எத்தனை மீட்டர் உயரத்துக்கு, எந்த நேரத்தில் கடல் ஏறும் என்று கேளுங்கள். கேட்பவர்கள் இருந்தால்தான் அளப்பவர்களும் இருப்பார்கள்.