ஆழமற்ற ஆறும் ஆழ்கடல் கப்பலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு நீராவியின் நூற்றாண்டு. 1807ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அட்சன் ஆற்றில் இராபர்ட் புல்டனின் நீராவிக்கலம் ஓடியது. 1865இல் தொடங்கப்பெற்ற ஐராவதி நீராவிக் கப்பல் குழுமம் பர்மாவின் ஆற்றைப் பெருவழியாக்கியது. ஆண்டு முழுவதும் நீர் நிறைந்த பேராறுகளுக்கே அவ்வாய்ப்பு அமைந்தது. நம் கடலூரின் கதை வேறு.

கெடிலமும் பரவனாறும் கடலோடு கலக்குமிடத்தில் அமைந்தது கடலூர்த் துறைமுகம். 1690இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் குழுமம் புனித டேவிட் கோட்டையை விலைக்கு வாங்கிய காலம்தொட்டு இவ்வூரின் வணிகம் பெருகியது. ஆயினும் ஆற்றின் முகத்துவாரத்தில் அலைகள் மணலைக் கொணர்ந்து குவிப்பதால், பெருங்கலங்கள் உள்ளே நுழைய இயலவில்லை. அவை கரையிலிருந்து விலகி, திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. கப்பலுக்கும் கரைக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடந்தவை மரத்தாலான சரக்குப் படகுகளே.

படகின் அமைப்பு அதன் பணிக்கேற்ப அமைவது. சென்னையில் படகுகள் அலை மோதும் கரையிலேயே ஏறி இறங்கவேண்டியிருந்தது. எனவே, ஆணி அறையாமல் தென்னை நார்க் கயிற்றால் பலகைகளைத் தைத்து மசூலாப் படகு கட்டப்பட்டது. அலை மோதும்போது அது சற்று நெகிழ்ந்துகொடுக்கும், எளிதில் உடையாது. கடலூரிலோ ஆறே படகுகளுக்குப் புகலிடம். மணல்மேட்டைக் கடக்கவேண்டிய படகு மிகுதியாக நீரில் அமிழ்தல் கூடாது; அதே வேளையில் நிறையச் சரக்கையும் தாங்கவேண்டும். எனவே, அகன்ற வயிறும் குறைந்த அமிழ்வும் அதற்குத் தேவையாயின.

படகோட்டியின் கடிகாரம் காற்றும் ஓதமும் ஆகும். இரவில் நிலம் விரைந்து குளிர்வதால், விடியற்காலையில் நிலக்காற்று கடலை நோக்கி வீசும். அது படகைக் கப்பலிடம் சேர்க்கும். பகலில் நிலம் சூடேறியபின் எழும் கடற்காற்று அதனைக் கரைக்குக் கொணரும். ஆற்றினுள் கழையும் துடுப்பும் உதவின. கப்பலின் அருகில் அலையால் ஏறியிறங்கும் படகில் நின்று மூட்டைகளைக் கைமாற்றுவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. வடகிழக்குப் பருவத்தில் புயல் எழுந்தால், கப்பல் நங்கூரத்தை எடுத்து ஆழ்கடலுக்கு விலகிச் செல்லும். படகு ஆற்றுக்குள் ஒதுங்கவேண்டும். சற்றே காலந்தாழ்த்தினாலும் முகத்துவாரம் கடத்தற்கரியதாகிவிடும்.

சிதம்பரத்திற்கு அருகில், வெள்ளாற்று முகத்துவாரத்திலுள்ள பரங்கிப்பேட்டையும் இத்தகைய துறையே. 1830இல் அங்கு ஹீத் என்பவர் இரும்பு ஆலை நிறுவினார். அதன் இரும்பு கடல்வழியே இங்கிலாந்து சென்றது. நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு நிலக்கடலை பிரான்சு வரை விற்பனையாயிற்று.

1869இல் சூயசுக் கால்வாய் திறக்கப்பட்டபின் நீராவிக் கப்பல்களின் போக்குவரத்துப் பெருகியது. 1870களில் இருப்புப்பாதையும் கடலூருக்கு வந்தது. புதிய பொறிகள் வந்ததும் பழைய தொழில்கள் உடனே மறைந்துவிடும் என நாம் எண்ணுகிறோம். இங்கு அவ்வாறு நிகழவில்லை. இருப்புப்பாதை சரக்கைத் துறைவரை கொணர்ந்தது. நீராவிக் கப்பல் அதனைக் கடல்கடந்து சுமந்தது. நடுவிலிருந்த சிறுதொலைவைத் தோள்வலியும் மரப்படகுமே இணைத்தன.

கப்பல்களின் பெயர்களும் உரிமையாளர்களின் பெயர்களும் ஏடுகளில் உள்ளன. படகோட்டியரின் பெயர்களை எழுதி வைத்தவர் அரியர். வணிக வரலாற்றைப் படிக்கும்போது, சரக்கு எங்கிருந்து எங்குச் சென்றது என்பதோடு நின்றுவிடாமல், அதனைத் தூக்கிய கைகள் யாருடையவை என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவே வரலாற்றை முழுமையாக்கும்.