வளைந்த கண்ணாடிக்குள் ஒரு கடல்
வீட்டில் பவளத்தொட்டி அமைக்க விரும்புவோர் வாங்குமுன் அறிய வேண்டியவை

ஐதராபாத் நகரம் தக்காணப் பீடபூமியின் மேல், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்துள்ளது. மிக அருகிலுள்ள கடற்கரைக்கே பல மணி நேரம் பயணம் செய்தாக வேண்டும். ஆயினும், செகந்திராபாத்தின் வடபகுதியில் உள்ள லோத்குண்டா போன்ற இடங்களில் எழுந்துவரும் அடுக்ககங்களின் வரவேற்பறைகளில் ஒரு சிறிய கடலை அமைத்துக்கொள்ளும் ஆவல் பலருக்கு உண்டு. கடல்வாழ் உயிரினங்களைக் கண்ணாடிக்குள் கண்டு வியப்பது நமக்குப் புதிதும் அன்று. சென்னை மெரினா கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே கடல்மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அன்று அரசு மேற்கொண்ட பணியை இன்று ஒரு குடும்பம் மேற்கொள்ள இயலும். அதற்கு ஆவலோடு கணக்கும் வேண்டும்.

வளைவு தருவதும் கேட்பதும்

கடைகளில் முதலில் கண்ணைக் கவர்வது முன்புறக் கண்ணாடி வில்போல் வளைந்த தொட்டியே. அதன் அழகுக்கு அப்பால் ஒரு பயனும் உண்டு. 120 செ.மீ. நீளமும், ஓரங்களில் 40 செ.மீ. அகலமும், 50 செ.மீ. உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் தட்டையாக இருந்தால் அதன் கொள்ளளவு 240 லிட்டர். நடுவில் 15 செ.மீ. முன்னோக்கி வளைந்திருந்தால், கொள்ளளவு ஏறக்குறைய 300 லிட்டராக உயரும். சுவரோரம் அதே இடத்தில், கூடுதலாக 60 லிட்டர் நீர் கிடைக்கிறது. நீர் மிகுந்தால் வெப்பமும் உப்பின் அளவும் மெதுவாகவே மாறும். பவளத்திற்கு அந்த நிதானமே உயிர்.

எனினும், 50 செ.மீ. அகலமுள்ள தட்டையான தொட்டியும் அதே 300 லிட்டரைக் கொள்ளும். பெரும்பாலும் குறைந்த விலையிலும் கிடைக்கும். ஆகவே வளைவுக்காகக் கூடுதல் தொகை கொடுப்பவர், அதன் குறைகளையும் அறிந்தே கொடுக்க வேண்டும்.

முதலாவது, காட்சி. நீர் நிறைந்த வளைமுகத் தொட்டி ஒரு குவிவில்லையைப் போலச் செயல்படுகிறது. நேரெதிரே அமர்ந்து பார்த்தால் மீன்கள் பெரிதாகத் தெரியும்; பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உருவங்கள் நெளியும். இருக்கைகள் ஒருபுறமாக அமைந்த கூடத்திற்கு இது பொருந்தாது. வாங்குமுன், நீர் நிரப்பிய தொட்டியை உங்கள் இருக்கையின் கோணத்தில் நின்று பாருங்கள்.

இரண்டாவது, துப்புரவு. பவளத்தொட்டியின் கண்ணாடியில் சுண்ணாம்புத் தன்மை கொண்ட இளஞ்சிவப்புப் பாசி கெட்டியாகப் படியும். தட்டையான காந்தத் துடைப்பான் வளைவில் முழுமையாகப் படியாது. வளைவுக்கு ஏற்றதைத் தனியே வாங்க வேண்டும். அக்ரிலிக் தொட்டி எடை குறைந்தது, தெளிவானது; ஆனால் எளிதில் கீறல் விழும். கண்ணாடி கீறலை நன்கு தாங்கும்.

மூன்றாவது, மாற்றுப் பொருள்கள். மூடி, விளக்குச் சட்டம், தாங்குமேசை ஆகிய அனைத்தும் வளைவுக்கு ஏற்ப அமைய வேண்டும். நாளை முன்கண்ணாடி விரிசல் கண்டால், தட்டையான கண்ணாடியை ஊரிலேயே வெட்டி ஒட்டலாம். வளைந்ததை அவ்வாறு உடனே பெறுதல் அரிது.

தரை தாங்குமா?

300 லிட்டர் தொட்டியில் மேலே 5 செ.மீ. இடைவெளி விட்டு, பாறைகளையும் அடுக்கினால், உள்ளே நிற்கும் கடல்நீர் ஏறக்குறைய 240 லிட்டர். ஒரு லிட்டர் கடல்நீரின் எடை ஒரு கிலோவுக்குச் சற்று அதிகம். பாறை, கண்ணாடி, தாங்குமேசை, அதனுள் வைக்கும் ‘சம்ப்’ எனப்படும் வடிகட்டும் தொட்டி ஆகியவற்றையும் சேர்த்தால் மொத்த எடை 450 முதல் 500 கிலோ வரை செல்லும். இவ்வளவும் அமர்வது அரை சதுர மீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில். குடியிருப்பு அறைகளின் தளத்திற்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமையோ சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. அதுவும் தளம் முழுதும் பரவிய சுமையாகக் கணக்கிடப்படுவது. எனவே, தொட்டியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், உத்தரமோ தூணோ அமைந்த சுவரை ஒட்டி வைப்பது நலம். அடுக்ககத்தின் மேல்தளத்தில் இருப்போர் கட்டடப் பொறியாளர் ஒருவரின் கருத்தைப் பெற்ற பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.

வாங்கும் விலையும் வளர்க்கும் செலவும்

தொட்டியின் விலை ஒருமுறை செலுத்துவது. அதை உயிரோடு வைத்திருக்கும் செலவு மாதந்தோறும் வருவது. இரண்டாவதே பெரும்பாலோரின் கணக்கிலிருந்து நழுவிவிடுகிறது.

பவளங்களுக்கு 24 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலை உகந்தது. தெலங்கானாவின் கோடையில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும். நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இங்கே பவளம் வளர்ப்பது அரிது. 300 வாட் சில்லர் நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் இயங்கினால் 3 யூனிட், மாதத்திற்கு 90 யூனிட் மின்சாரம் செலவாகும். விளக்கும், நீரோட்டம் தரும் பம்புகளும், புரோட்டீன் ஸ்கிம்மரும் இதற்கு மேல்.

உப்பும் அவ்வாறே. இயல்பான கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. 240 லிட்டருக்குத் தொடக்கத்தில் 8.4 கிலோ தேவை. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் ஒவ்வொரு முறையும் 840 கிராம். குழாய் நீரையோ ஆழ்துளைக் கிணற்று நீரையோ நேரடியாகப் பயன்படுத்தலாகாது, ஆர்.ஓ. முறையில் தூய்மையாக்கிய நீரில்தான் உப்பைக் கரைக்க வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாகத் தூய நீரை மட்டுமே சேர்க்க வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

மின்தடையையும் மறக்கலாகாது. நீரோட்டம் நின்றால் நீரில் உயிர்வளி விரைவில் குறையும். இன்வெர்ட்டரில் ஒரு பம்பையாவது இணைப்பது, அல்லது பேட்டரியில் இயங்கும் காற்றுப் பம்பு வைத்திருப்பது கட்டாயம்.

ஆகவே, தொட்டிக்கு ஒதுக்கும் தொகையோடு, ஓராண்டுக்கான மின்சாரம், உப்பு, பராமரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அத்தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் முன்கூட்டியே சேமித்து முடித்த பின் தொட்டி வாங்குவது, கடன் பெற்று வாங்குவதைக் காட்டிலும் சிறந்தது. நீர்க்கசிவால் நேரும் சேதத்தை உங்கள் வீட்டுக் காப்பீடு ஏற்குமா என்பதையும் கேட்டறியுங்கள்.

சட்டம் காக்கும் பவளம்

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. இராமேஸ்வரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை உள்ளடக்கி, 1986ஆம் ஆண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் வெட்டி எடுக்கப்பட்டவை; கடல்நீர் வெப்பமடைவதால் வெளிறியும் வருபவை. 2001ஆம் ஆண்டு முதல் கல்பவளங்கள், கருப்புப் பவளம், கடல் விசிறி ஆகியன வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. கடற்குதிரையும் அவ்வாறே. இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரை நீளக்கூடிய சிறைத் தண்டனைக்கு உரியது. நம் கடலிலிருந்து பெயர்த்தெடுத்த பவளப்பாறைத் துண்டுகளை ‘உயிர்ப்பாறை’ என்ற பெயரில் ஒருவர் விற்க முன்வந்தால் விலகிச் செல்லுங்கள். வெளிநாட்டுப் பவளமானால், இறக்குமதி ஆவணங்களைக் காணாமலும், அரசிடம் பதிவு செய்ய வேண்டுமா என்பதை வனத்துறையிடம் கேட்டறியாமலும் வாங்க வேண்டாம்.

மாற்று வழிகள் உண்டு. சுடுமண்ணாலும் சிமெண்டாலும் செய்த செயற்கைப் பாறைகளில் நன்மை தரும் நுண்ணுயிர்கள் நன்கு குடியேறும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்து காட்டியுள்ளன. பொரிப்பகத்தில் பிறந்த மீன், கடலிலிருந்து பிடிக்கப்பட்ட மீனைவிடத் தொட்டி வாழ்வுக்கு எளிதில் பழகும்.

பொறுமையே முதலீடு

நீர் நிரப்பிய உடனே மீன் விடலாகாது. கழிவிலிருந்து எழும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பின் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதன் பின் ஓரிரு மீன்கள். நீரின் அளவுகள் சில மாதங்கள் நிலைபெற்ற பின்னரே ஏனைய உயிர்கள்.

முன்முகம் வளைந்ததா, தட்டையா என்பது உங்கள் கூடத்தின் அமைப்பையும் விருப்பத்தையும் பொறுத்தது. தாங்கும் தரை, தடையற்ற மின்சாரம், தூய நீர், முறையான ஆவணம், ஓராண்டுச் செலவுக்கான சேமிப்பு ஆகிய ஐந்தும் உறுதியான பின் கடைக்குச் செல்லுங்கள். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் சில மாதங்கள் காத்திருப்பதே, அத்தொட்டியில் வாழப்போகும் உயிர்களுக்கும் உங்கள் சேமிப்புக்கும் நன்மை பயக்கும்.