சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்க கரண்ட் எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன மாசம் ஆம்பூர் போயிருந்தேன். பிரியாணிக்காக இல்ல, நம்புங்க. என் மாமா அங்க ஒரு சின்ன ஜாப் வொர்க் யூனிட் வெச்சிருக்கார். டேனரியிலிருந்து வர்ற தோலுக்கு பிளேட்டிங், எம்போசிங் போட்டுக் கொடுக்கிற வேலை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம்னு இந்தப் பெல்ட் முழுக்க தோலும் ஷூவும்தான். உங்க லெதர் ஷூவோட பளபளப்பு இப்படி ஒரு பிரஸ்ஸுக்குள்ள போய் வந்ததாக இருக்கலாம்.

சாப்பிட்டு முடிச்சதும் மாமா கேட்டார்: "ஏன் மாப்ளே, கரண்ட் பில்லு கட்டி மாளல. சோலார் போட்டா சரியாகுமா?"

பதில் சொல்றதுக்கு முன்னாடி ஷெட்டைப் பார்க்கலாம்னு போனேன். அங்க ரெண்டு ஹைட்ராலிக் மெஷின் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. ஒண்ணு, ஹேண்ட் பேலட் டிரக். கைப்பிடியை ஏழெட்டு தடவை அடிச்சு, தோல் அடுக்கை மேல ஏத்தி, அப்படியே விட்டிருந்தாங்க. மோட்டார் கிடையாது, வயர் கிடையாது. சத்தமே இல்லாம எடையைத் தாங்கிக்கிட்டு நிக்குது. இன்னொண்ணு, பிளேட்டிங் பிரஸ். ஆபரேட்டர் அண்ணன் அடுத்த தோலைச் சுருக்கம் இல்லாம விரிச்சுக்கிட்டிருக்கார். பிரஸ் எந்த வேலையும் செய்யல. ஆனா 'வ்வ்வீங்'னு கத்திக்கிட்டே இருக்கு.

இன்னைக்கு எபிசோடு இந்த ரெண்டு மெஷினுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தைப் பத்திதான்.

தூக்குறது வேற, பிடிக்கிறது வேற

மூடின பாத்திரத்துல இருக்கிற திரவத்தை ஒரு இடத்துல அழுத்தினா, அந்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகப் பரவும். ஸ்கூல்ல படிச்ச பாஸ்கல் விதி. சின்ன பிஸ்டனை விடப் பெரிய பிஸ்டனோட பரப்பு 20 மடங்குன்னா, விசையும் 20 மடங்கு கிடைக்கும். ஆனா பெரிய பிஸ்டன் நகரும் தூரம் 20-ல் ஒரு பங்குதான். இதை வெச்சு ஜோசப் பிராமா இங்கிலாந்தில் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்கு பேட்டன்ட் வாங்கினது 1795-ல்.

இப்போ கணக்கு. ஒரு டன் எடையை 20 சென்டிமீட்டர் உயர்த்த சுமார் 2,000 ஜூல் போதும். ஒரு யூனிட் கரண்ட்ங்கிறது 36 லட்சம் ஜூல். அதாவது நஷ்டமே இல்லைன்னா, ஒரே யூனிட்டில் அந்த ஒரு டன்னை 1,800 தடவை தூக்கலாம்!

தூக்கினதை அங்கேயே பிடிச்சு வைக்க? இயற்பியல் கணக்குப்படி பூஜ்யம். விசை இருக்கு, நகர்வு இல்ல, அதனால வேலையும் இல்ல. பேலட் டிரக்கில் ஒரு சின்ன செக் வால்வு எண்ணெயைத் திரும்ப விடாம அடைச்சு நிக்குது. அவ்வளவுதான்.

அப்போ பிரஸ் ஏன் கத்துது?

பழைய பிரஸ்ல பம்ப் ஒரு சுத்துக்கு இவ்வளவு எண்ணெய்னு தள்ளிக்கிட்டே இருக்கும். சிலிண்டருக்கு எண்ணெய் வேணுமா வேண்டாமான்னு அது கேட்காது. மிச்ச எண்ணெய் ரிலீஃப் வால்வு வழியா டேங்குக்குத் திரும்பும். முழு அழுத்தத்துல தள்ளின எண்ணெய் சும்மா திரும்பினா, அதுல இருந்த சக்தி மொத்தமும் சூடாகத்தான் மாறும்.

எடுத்துக்காட்டுக்கு, நிமிஷத்துக்கு 40 லிட்டர் எண்ணெய், 150 பார் அழுத்தம்னு வெச்சுக்குவோம். அது 10 கிலோவாட். ஒரு ஷிஃப்டுல நாலு மணி நேரம் இப்படி வீணா ஓடினா 40 யூனிட். அதே எண்ணெயை 5 பாரில் லேசாகத் திருப்பி விட்டா, 40 யூனிட் இருந்த இடத்துல ஒன்றரை யூனிட் கூட வராது. மோட்டாரோட சொந்த நஷ்டம் மட்டும் தனி.

இப்படித் திருப்பி விடுறதுக்குப் பேர் அன்லோடிங் வால்வு. மாமாவோட பிரஸ்ல அது இருந்துச்சு! மூணு வருஷம் முன்னாடி அதோட காயில் எரிஞ்சு போச்சாம். ஆர்டர் அவசரம்னு பைபாஸ் பண்ணி ஓட்டிட்டாங்க. அந்த அவசரம் இன்னும் முடியல.

வெயிலூர்ல எண்ணெய்

வேலூரை வெயிலூர்னு கிண்டல் பண்ணுவோம்ல, அந்த வெயில் இங்க சீரியஸான விஷயம். வெளியில 40 டிகிரி இருக்கும்போது டேங்க் எப்படி ஆறும்? எண்ணெய் 60 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து ஓடினா சீக்கிரம் கெட ஆரம்பிக்கும், ரப்பர் சீல் இறுகும். எண்ணெய் நீர்த்துப் போய் உள்ளுக்குள்ளேயே கசியும். கசிஞ்சதை ஈடுகட்ட பம்ப் இன்னும் தள்ளணும். அப்புறம் கூலர், அதுக்குத் தண்ணி. பாலாத்துல மணல் மட்டுமே தெரியுற ஊர்ல எண்ணெயை ஆத்தத் தண்ணி! காசு கொடுத்துச் சூடு பண்ணி, திரும்பக் காசு கொடுத்து ஆத்துறோம்.

வழக்கமா வர்ற மெக்கானிக் அண்ணன் டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தார். பிரஸ் சும்மா இருக்கும்போதும் ஆம்பியர் பெருசா இறங்கல. ஆனா இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணாதீங்க. த்ரீ ஃபேஸ் மோட்டார் லோடே இல்லாதப்பகூட கணிசமான ஆம்பியர் காட்டும். யூனிட் காட்டுற மீட்டர்தான் சரியான சாட்சி.

மாமாவோட பயம்

"சரி, மாத்திடலாம்"னு சொன்னேன். மாமா தயங்கினார். "பிரஷர் இறங்குச்சுன்னா ஷைன் மாறிடும் மாப்ளே. லாட்டே ரிட்டர்ன் வரும். பில்லைவிட அது பெரிய அடி."

இது அறியாமை இல்ல, அனுபவம். சதுர அடிக்குக் கூலி வாங்குறவருக்கு ஒரு லாட் திரும்பினா அந்த மாச லாபமே போச்சு. அதனால பம்பை இறக்கி விடும்போது சிலிண்டருக்குள்ள அழுத்தம் நிக்கணும். அதுக்குச் சிலிண்டர் பக்கம் நல்ல செக் வால்வு வேணும். கொஞ்சம் இறங்கினா பம்பை உடனே கூப்பிட பிரஷர் சுவிட்ச் வேணும். சீல் தேஞ்சிருந்தா முதல்ல அதை மாத்தணும்.

அடுத்த படி, அக்குமுலேட்டர். நைட்ரஜன் அடைச்ச சிலிண்டரில் எண்ணெயை அழுத்திச் சேமிக்கிறது. ஐடியா பழசு. 1894-ல் திறந்த லண்டன் டவர் பிரிட்ஜில், நீராவி பம்புகள் தண்ணியை அழுத்தி அக்குமுலேட்டர்களில் சேர்த்து வைக்கும். பாலத்தைத் தூக்கும்போது அந்தச் சேமிப்பு மொத்தமா வெளிய வரும். 1976-ல்தான் அதை மின்சாரத்துக்கும் எண்ணெய்க்கும் மாத்தினாங்க.

அதுக்கும் மேல சர்வோ பம்ப். தேவைப்பட்டா மட்டும் மோட்டார் சுத்தும். விலை அதிகம். நாள் முழுக்க, ரெண்டு ஷிஃப்ட் ஓடுற மெஷினுக்குக் கட்டுப்படியாகும். மாமாவுக்கு இப்போ தேவை ஒரு காயிலும் சீல் செட்டும்.

மாத்தினாங்க. மறுநாள் சத்தம் குறைஞ்சதை ஆபரேட்டர் அண்ணன்தான் முதல்ல கவனிச்சார். "மெஷின் நின்னுடுச்சோன்னு பயந்துட்டேன் தம்பி"ன்னார். பில் பாதியாகல. பிளேட் ஹீட்டரும் மத்த மோட்டாரும் ஓடத்தான் செய்யுது. சோலார் பேச்சு இன்னும் இருக்கு, ஆனா ஓட்டைக் குடத்துக்குத் தண்ணி ஊத்துற மாதிரி இல்ல இப்போ.

கடைசியா ரெண்டு எச்சரிக்கை. அக்குமுலேட்டர் இருந்தா, மெயின் சுவிட்சை அணைச்சாலும் அழுத்தம் உள்ளேயே இருக்கும். வடிச்சுட்டு, கேஜ் பூஜ்யம் காட்டினப்புறம்தான் ஸ்பேனர் வைக்கணும். அதே மாதிரி, தூக்கி நிக்கிற எடையை நம்பி கீழ கையோ காலோ விடாதீங்க. அதைப் பிடிச்சிருக்கிறது ஒரு சின்ன வால்வும் ஒரு ரப்பர் வளையமும்தான்.

உங்க வீட்டுலயோ வேலை செய்ற இடத்துலயோ சும்மா நின்னுக்கிட்டே கத்துற மெஷின் இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.